நாலு எங்கே நிற்கிறது

அந்தக் கேள்வி வந்தது ஒரு புதன்கிழமை காலையில். பலகையை அழிப்பதற்காகத் துணியைக் கையில் எடுத்துவிட்டேன். இன்னும் அரை நிமிடம் கிடைத்திருந்தால் அழித்தும் முடித்திருப்பேன்.

பெங்களூர் கோரமங்களாவில் ஒரு பேக்கரிக்கு மேலே, இரண்டாவது மாடியில் இருக்கிற கணினிப் பயிற்சி நிலையத்தில் நான் பைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். காலை ஏழு மணி வகுப்பு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. அந்தத் தடவை பதினொரு பேர். கால் சென்டரில் இருப்பவர்கள், கூரியர் ஆபீஸில் இருப்பவர்கள், படித்துவிட்டு வேறு ஏதோ வேலையில் மாட்டிக்கொண்டவர்கள். கீழே பன் வேகும் வாசனை எட்டு மணிக்கு மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் பாடத்தில் மனம் நிற்காது. நானும் அதற்குள் முடித்துவிடுவேன்.

என் பலம் உருவங்கள். நட்சத்திரக் குறிகளை வரிவரியாக அச்சிட்டு முக்கோணம், தலைகீழ் முக்கோணம், வைரம் என்று திரையில் கொண்டுவருவது. சின்னக் கம்பெனி நேர்காணல்களின் முதல் சுற்றில் இதைத்தான் கேட்பார்கள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதில் பாதி நிஜமும்கூட. ஒரே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டுகிற லூப் போட்டு இருபத்திரண்டு உருவங்களை நான் எதையும் பார்க்காமல் எழுதுவேன். மாணவர்கள் எனக்கு 'பேட்டர்ன் சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது.

ரிகர்ஷனுக்கு மட்டும் எங்கள் பாடத்திட்டத்தில் ஒரே நாள். ஒரு ஃபங்ஷன், அதாவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடுகிற சில வரிகள், தன் வேலையின் நடுவில் தன்னையே மறுபடியும் கூப்பிட்டுக்கொண்டால் அதுதான் ரிகர்ஷன். லூப் இல்லாமல் அதை வைத்தும் முக்கோணம் அச்சிடலாம். மூன்றே வரிதான். எண் பூஜ்யம் என்றால் திரும்பிப் போ. அந்த எண்ணிக்கையில் நட்சத்திரம் அச்சிடு. எண்ணில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு உன்னையே மறுபடி கூப்பிடு. நான்கைக் கொடுத்தால் திரையில் நான்கு நட்சத்திரம், அடுத்த வரியில் மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. தலைகீழ் முக்கோணம். அந்த நாளை நான் எப்போதும் வேகமாகக் கடந்துவிடுவேன். வேகமாக எழுதி, வேகமாக ஓட்டிக் காட்டி, வேகமாக அழித்துவிடுவேன்.

"சார், ஒரு நிமிஷம்."

இரண்டாவது வரிசையில் இருந்த மேடம்தான். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயது இருக்கும். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர். ஒக்கலிபுரத்தில் வீடு. அவர் அப்பா மாநில அரசு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் பெங்களூருக்கு வந்தது எப்போது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. வகுப்புக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் மருத்துவமனையில் பில்லிங் பிரிவில் வேலை. இரண்டு பஸ் மாறி ஏழுக்கு முன்னால் வந்துவிடுவார். தமிழில் பேசிக்கொண்டே இருப்பார், அவசரம் என்றால் கன்னடம் வந்துவிடும்.

"நான் கடைசி ரெண்டு லைன மேல கீழ மாத்திட்டேன் சார். கூப்பிடுறது முன்னாடி, பிரிண்ட் பின்னாடி. முக்கோணம் நேரா வந்துடுச்சு. யாக்கே சார், ஏன்?"

அவர் திரையைப் போய்ப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று அழகாக விரிந்து நின்றது.

"ஆர்டர் மாறினா ஷேப் மாறும் மேடம்."

"அது தெரியுது சார். ஆனா பாருங்க. நாலு வந்து மூணக் கூப்பிடுது. மூணு ரெண்டக் கூப்பிடுது. அப்படியே ஸீரோவுக்கு வந்தா ரிட்டர்ன். அதோட முடிஞ்சு போகணும்ல? பிரிண்ட் லைனுக்கு யாரும் வரவே இல்லையே. அப்புறம் இதெல்லாம் யாரு பிரிண்ட் பண்றாங்க?" விரலால் திரையின் அடியில் இருந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "இந்த நாலு இவ்ளோ நேரம் எங்க சார் நிக்குது?"

பதினொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது.

"கால் பண்றது முன்னாடி வந்துச்சுன்னா பைத்தான் அத ரிவர்ஸா எடுத்துக்கும் மேடம். அது ஒரு ரூல். எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார். மற்றவர்களும் எழுதிக்கொண்டார்கள். பதினொரு பேனாக்கள் குனிந்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு ரூல் கிடையாது. அந்த நொடியில் என் வாயில் பிறந்தது அது.

உண்மை என்னவென்றால், அந்த நாலு எங்கே நிற்கிறது என்று எனக்கும் தெரியாது.

நான் கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் படித்தவன். அங்கே கம்ப்யூட்டர் பாடம் ஒரே ஒரு பருவம். தேர்வுக்குப் பன்னிரண்டு புரோகிராம்களை மனப்பாடம் செய்தோம். சீட்டு எடுத்தால் எந்த எண் வருகிறதோ அதை எழுத வேண்டும். எனக்கு அடைப்புக்குறி வரை நினைவிருந்தது, முழு மதிப்பெண் வாங்கினேன். பெங்களூருக்கு வந்து நேர்காணல்களில் விழுந்து எழுந்து, இதே பயிற்சி நிலையத்தில் மாணவனாகச் சேர்ந்தேன். எனக்குப் பாடம் எடுத்தவர் ஒரு நாள் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். 'நீங்கதான் எல்லாத்தையும் நல்லா எழுதறீங்களே, ரெண்டு வாரம் பாத்துக்குங்க' என்றார் ஓனர். மூன்று வருடம் ஆகிவிட்டது. லூப் எனக்கு உண்மையாகவே புரிந்துதான் இருந்தது. சொல்லிக்கொடுத்துச் சொல்லிக்கொடுத்துப் புரிந்தது. ரிகர்ஷன் மட்டும் அந்தப் பன்னிரண்டு புரோகிராம்களைப் போல அப்படியே உள்ளே கிடந்தது. அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது.

அன்று வகுப்பு முடிந்ததும் பஸ் ஸ்டாப்பில் நிற்க முடியவில்லை. ஈஜிபுராவில் இருக்கிற வீட்டுக்கு நடந்தே போனேன். மேம்பாலத் தூண்களுக்கு நடுவில் வண்டிகள் ஒன்றோடு ஒன்று உரசிக்கொண்டு நகர்ந்தன. ஒரு தண்ணீர் லாரிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றபோது, நின்ற அந்த இடத்திலேயே நான்கிலிருந்து எண்ண ஆரம்பித்தேன். நான்கு மூன்றைக் கூப்பிடுகிறது. மூன்று இரண்டைக் கூப்பிடுகிறது. ஒன்று பூஜ்யத்தைக் கூப்பிடுகிறது. பூஜ்யம் திரும்புகிறது. எங்கே திரும்புகிறது? அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மனம் வழுக்கியது. லாரி போய் வெகுநேரம் ஆகியும் நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் என் மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவள் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறாள். நான் தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.

"ஏங்க, ஒரு எடத்துல ஒக்காந்து சாப்பிடுங்களேன். என்ன ஆச்சு?"

சொன்னேன். கேள்வியைச் சொல்லவில்லை, கேள்வி வந்ததையும் நான் பொய் சொன்னதையும் சொன்னேன்.

"தெரியலன்னா தெரியலன்னு சொல்ல வேண்டியதுதானே. எங்க டாக்டரே எக்ஸ்ரேவப் பாத்துட்டு, 'இது எனக்கு சரியா புரியல, இன்னொருத்தர கேக்கறேன்'னு பேஷண்ட் கிட்டயே சொல்வாரு."

"அவரு டாக்டரு. அவருக்குத் தெரியாதது ஒண்ணு ரெண்டு இருக்கும். எனக்கு ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னே தெரியல."

அவள் தலைப்பின்னலை முடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அப்ப கத்துக்குங்க. அதுக்கு ஏன் இட்லியக் கையில வெச்சிக்கிட்டு நடக்கறீங்க?"

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனாலேயே கோபம் வந்தது. அவள் போன பிறகு லேப்டாப்பைத் திறந்து, ரிகர்ஷன் விளக்க வீடியோ ஒன்றைப் போட்டேன். அதில் பேசியவர் மிகவும் உற்சாகமாக இருந்தார். மூன்றாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். இன்னொன்று போட்டேன், அதையும் நிறுத்தினேன். சட்டை மடித்தேன், மிக்ஸி ஜாரைக் கழுவினேன், மாலை வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை. பாடம் முடிகிற நேரத்தில் மேடம் மறுபடி கையைத் தூக்கினார்.

"சார், நேத்தைய புரோகிராம்ல பிரிண்ட ரெண்டு எடத்துலயும் போட்டேன். கூப்பிடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பாருங்க."

திரையில் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என்று சுருங்கி, மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரிந்திருந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, 'சூப்பரா இருக்கே' என்றார்கள்.

"நீங்க சொன்ன ரூல் இதுக்கு ஒத்துவரல சார்," என்றார் அவர். குரலில் துளியும் கேலி இல்லை. கணக்கு இடிக்கிறதே என்று ஒரு பில்லிங் ஆள் கவலைப்படுவாரே, அந்தக் கவலைதான் இருந்தது. "கால் பண்றது நடுவுல இருக்கு. அப்ப பைத்தான் ரிவர்ஸா எடுத்துக்குமா, நேரா எடுத்துக்குமா?"

"அது அட்வான்ஸ்டு மேடம். நம்ம சிலபஸ்ல இல்ல. இப்போதைக்கு லூப்பப் பாத்துக்குங்க, இன்டர்வியூல அதுதான் கேப்பாங்க."

"ஓ. சரி சார்."

அவ்வளவுதான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை அவர் வரவில்லை. சனிக்கிழமையும் இல்லை. நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட விட்டதில்லை அவர். முதலில் எனக்கு மூச்சு லேசானது போல இருந்தது, மறைக்க வேண்டியதில்லை. இரண்டாவது வரிசையில் காலியாக இருந்த நாற்காலியின் பக்கம் திரும்பாமல் பாடம் எடுத்தேன். ஆனால் சனிக்கிழமை பாதி வகுப்பில், பலகையில் எழுதிக்கொண்டிருந்த வரியை நடுவில் நிறுத்திவிட்டு, அவர் வேறு எங்காவது சேர்ந்துவிட்டாரா, அங்கே போய் 'முன்னாடி இருந்த சார் இப்படி ஒரு ரூல் சொன்னாரு' என்று நோட்டைக் காட்டுவாரா என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்தேன். "சார், பாதியில நிக்குது" என்று யாரோ சொன்ன பிறகுதான் மிச்சத்தை எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்திபெலேயில் என் மனைவியின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. அக்கா வீட்டுக்காரர், என் சகலை, அங்கே ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வீட்டு ஹாலிலேயே பாய் விரித்து நடத்தினார்கள். ஓசூரில் இருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். குழந்தை வீறிட்டு அழுதது, எல்லோரும் ஒரே நேரத்தில் அதைச் சமாதானம் செய்தார்கள், அது இன்னும் உரக்க அழுதது. எனக்கு உட்கார இடம் இருந்தும் உட்கார முடியவில்லை. தண்ணீர் கேன் தூக்கப் போனேன். வேண்டாம் என்றார்கள். இலை போடப் போனேன். அதற்கும் ஆள் இருந்தது. மாடிப்படி ஏறி மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

மேலே கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்று போனை எடுத்தேன். அதில் பைத்தான் ஓட்டுகிற ஒரு செயலி இருக்கிறது. எப்போதோ இறக்கி வைத்தது, பயன்படுத்தியதே இல்லை. மேடம் மாற்றி எழுதிய அதே புரோகிராமைக் கட்டை விரலால் அடித்தேன். ஓட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முறைத்துக்கொண்டு நின்றது.

மாணவர்களுக்கு லூப் புரியவில்லை என்றால் நான் ஒரு வேலை செய்வேன். ஒவ்வொரு அடியிலும் ஒரு பிரிண்ட் போட்டு, புரோகிராம் இப்போது எங்கே இருக்கிறது என்று அதையே சொல்ல வைப்பேன். மூன்று வருடமாக எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். ரிகர்ஷனில் அதை நான் ஒரு தடவைகூடச் செய்து பார்த்ததில்லை என்பது அந்த வெயிலில்தான் உறைத்தது. ஃபங்ஷனின் முதல் வரியில் 'உள்ளே' என்றும் எண்ணையும் அச்சிடச் சொன்னேன். கடைசி வரியில் 'வெளியே' என்றும் எண்ணையும். ஓட்டினேன்.

உள்ளே 4. உள்ளே 3. உள்ளே 2. உள்ளே 1. உள்ளே 0. அதற்குப் பிறகு ஒரு நட்சத்திரம், வெளியே 1. இரண்டு நட்சத்திரம், வெளியே 2. மூன்று, வெளியே 3. நான்கு நட்சத்திரம். எல்லாவற்றுக்கும் கடைசியாக, வெளியே 4.

முதலில் உள்ளே போன நாலுதான் கடைசியாக வெளியே வந்தது. அது எங்கேயும் போகவில்லை. முடியவும் இல்லை. மூன்றைக் கூப்பிட்ட அந்த வரியிலேயே, தன் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் பிரிண்ட் வரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தது. மூன்றும் அப்படியே, இரண்டும் அப்படியே. பூஜ்யம் சொன்ன ரிட்டர்ன் மொத்த புரோகிராமுக்கும் இல்லை, அதைக் கூப்பிட்ட ஒன்றுக்கு மட்டும்தான். ஒன்று, தான் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்து, அச்சிட்டு, இரண்டிடம் திரும்பியது. நான் 'ரிட்டர்ன்' என்றால் எல்லாம் முடிந்தது என்றே இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து நிமிட வேலை. போனில், நின்றுகொண்டே.

சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது சந்தோஷம் இல்லை. முகம் எரிந்தது. மூன்று வருடத்தில் எத்தனை வகுப்புகள் இருக்கும் என்று எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"சகலை! என்னா மேல போயி ஒக்காந்துட்டீங்க? ரெண்டாவது பந்தியே முடியப் போவுது!" சகலை படியில் நின்று கத்தினார்.

கீழே போனபோது வடை தீர்ந்துவிட்டிருந்தது. என் மனைவி பக்கத்தில் வந்து சாதம் வைத்தாள். "என்ன, மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள் மெதுவாக.

"புரிஞ்சிடுச்சு," என்றேன்.

"புரிஞ்சா இப்படியா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

திங்கள்கிழமை காலை ஆறரைக்கே நிலையத்துக்குப் போய்விட்டேன். மேடம் வரவில்லை. மற்ற பத்துப் பேரும் வந்து உட்கார்ந்ததும், தள்ளிப்போடாமல் சொல்லிவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"புதன்கிழமை ஒரு ரூல் சொன்னேன். பைத்தான் ரிவர்ஸா எடுத்துக்கும்னு. அது தப்பு. அப்படி எதுவும் கெடையாது. எனக்கு அன்னிக்குத் தெரியல. அடிச்சிருங்க."

நான் எதிர்பார்த்த மாதிரி யாரும் எதையும் செய்யவில்லை. சிரிக்கவில்லை, முணுமுணுக்கவில்லை. கோடு போட்டு அடித்தார்கள். ஒருவர், "எந்தப் பக்கம் சார்?" என்று கேட்டார். அவருக்கு நினைவே இல்லை. நான் நான்கு நாளாக வதைபட்டது அவருக்கு ஒரு பக்கத்தில் ஒரு வரி. பிறகு உள்ளே, வெளியே போட்டு ஓட்டிக் காட்டினேன். நான்கு பேருக்குப் புரிந்தது. மற்றவர்களுக்குப் புரியவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதுவே அந்த அறையில் எனக்குப் புதிது. எட்டு மணியைத் தாண்டியும் விடவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஓனர் கூப்பிட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம்தான் அவர் மேஜை. எல்லாம் கேட்டிருக்கிறது. அவர் கோலார் பக்கத்துக்காரர், என்னிடம் கன்னடம் கலந்த தமிழில் பேசுவார்.

"யாக் சார் இப்படி? தப்பு, தெரியல, அதெல்லாம் எதுக்கு? 'இன்னிக்கு இன்னும் கொஞ்சம் டீப்பா பாக்கலாம்'னு சொல்லிட்டு கரெக்டா சொல்லிக்குடுங்க. முடிஞ்சு போச்சு. நாளைக்கு ஒருத்தர் வந்து, 'இந்த சாருக்கே தெரியாதாமே'ன்னா நான் என்ன சொல்றது?"

அவர் சொன்னதும் நியாயம்தான். தலையை ஆட்டினேன். "அந்த பில்லிங் மேடம் ஏன் வரலன்னு தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"எனக்கு எப்படித் தெரியும்? ரிஜிஸ்டர்ல நம்பர் இருக்கு. போன் பண்ணுங்க."

எண்ணைக் குறித்துக்கொண்டேன். கூப்பிடத்தான் கை வரவில்லை. அன்று முழுக்க ஏழெட்டு தடவை எடுத்து எடுத்து வைத்தேன். செவ்வாய்க்கிழமை மதியம், பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது, யோசிக்காமல் அழுத்திவிட்டேன். பின்னணியில் டோக்கன் எண்களை அறிவிக்கும் குரல் கேட்டது.

"ஹலோ, சார்! சொல்லுங்க சார்."

"மேடம், கிளாஸ்க்கு வரல..."

"அய்யோ, ஸாரி சார், சொல்லவே இல்ல பாருங்க. எங்க ஆபீஸ்ல ஒரு பொண்ணு லீவுல போயிட்டா. காலைல ஆறு மணி ஷிஃப்ட் என் தலைல கட்டிட்டாங்க. வெள்ளிக்கெழமைலேந்து இதே ஓட்டம்தான்."

நான் ஐந்து நாளாக மனதில் ஓட்டியது எதிலும் லீவில் போன அந்தப் பெண் இல்லை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"இல்ல மேடம், நான் ஏதோ தப்பா சொல்லிட்டேன், அதனாலயோன்னு... அந்த ரூல் தப்பு மேடம். நான் சும்மா சொன்னது. நாலு எங்க நிக்குதுன்னு கேட்டீங்கல்ல? அது அங்கயேதான் நிக்குது. மூணு முடிச்சிட்டு வர்ற வரைக்கும்."

"இருங்க சார்." யாரிடமோ கன்னடத்தில் இன்ஷூரன்ஸ் கார்டு கேட்டுவிட்டு வந்தார். "அங்கயேன்னா எங்க சார்? அதே ஃபங்ஷனத்தானே மூணும் ஓட்டுது? ஒரே ஃபங்ஷன்ல ரெண்டு பேரு எப்படி?"

சாலையில் நின்று வாயால் சொல்லிப் பார்த்தேன். முடியவில்லை.

"சனிக்கெழமை மத்தியானம் எனக்கு ஷிஃப்ட் முடிஞ்சிரும். வரட்டுமா சார்?" என்றார் அவரே.

சனிக்கிழமை இரண்டு மணிக்கு வந்தார். வகுப்பறையில் நாங்கள் இருவர்தான். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஓனர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். 'உள்ளே, வெளியே' போட்டு ஓட்டிக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்காமல் தன் நோட்டில் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டுக்கொண்டே வந்தார். ஃபங்ஷனின் வரிகள் ஒன்றேதான், ஆனால் ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் புதிதாக ஒரு கட்டம், அதற்குள் அதனுடைய சொந்த எண், அது எந்த வரியில் நிற்கிறது என்ற குறிப்பு. நான் சொல்லாமலே வரியின் எண்ணையும் கட்டத்தில் எழுதினார். ஐந்தாவது கட்டத்தில் பேனாவை நிறுத்தினார்.

"அப்ப எல்லாரும் வெயிட் பண்றாங்க. கூப்பிட்டவங்க திரும்பி வர்ற வரைக்கும்."

"ஆமா மேடம்."

"எவ்ளோ பேரு வெயிட் பண்ணலாம் சார்? அஞ்சாயிரம் குடுத்தா?"

வாய் பழைய பழக்கத்தில் ஏதோ சொல்லத் திறந்தது. மூடிக்கொண்டேன்.

"தெரியல மேடம். போட்டுப் பாக்கலாம்."

வரிக்கு ஒரே நட்சத்திரம் வருகிற மாதிரி மாற்றிக்கொண்டோம். ஐந்தாயிரம் கொடுத்து ஓட்டினார். பிரிண்ட் பின்னால் இருந்தது. திரையில் ஒரு நட்சத்திரம்கூட வரவில்லை. சிவப்பு எழுத்தில் நீளமாக ஒரு பிழை மட்டும் வந்தது. ஆழத்தின் எல்லையைத் தாண்டிவிட்டாய் என்று கடைசி வரி சொன்னது. அவர் விடவில்லை. பிரிண்டை முன்னால் கொண்டுபோய் ஓட்டினார். இந்தத் தடவை நட்சத்திரங்கள் கொட்டின. திரை ஓடியது. அதற்குப் பிறகு அதே பிழை.

"நோடி சார், பாருங்க! முன்னாடி போட்டா கொஞ்சமாச்சும் வருது. பின்னாடி போட்டா ஒண்ணுமே இல்ல. ஏன்?"

எனக்கு அது தெரிந்திருந்தது. யாரும் சொல்லித்தராமல், எங்கேயும் படிக்காமல் தெரிந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

"முன்னாடி போட்டா ஒவ்வொருத்தரும் பிரிண்ட் பண்ணிட்டுத்தான் அடுத்தவங்களக் கூப்பிடுறாங்க. எல்லை வர்ற வரைக்கும் வந்தது வந்ததுதான். பின்னாடி போட்டா எல்லாரும் வெயிட்டிங். யாரும் இன்னும் பிரிண்ட் லைனுக்கே வரல. ஸீரோவத் தொடறதுக்கு முன்னாடியே கத முடிஞ்சிடுச்சு."

அவர் கட்டங்களைப் பார்த்தார். "ஹௌது," என்றார். "ஆமா. அப்படித்தான் இருக்கணும்."

பிறகு எல்லை எங்கே என்று தேடினோம். ஐந்நூறு ஓடியது. ஆயிரத்து ஐந்நூறு விழுந்தது. ஆயிரம் விழுந்தது. தொள்ளாயிரம் ஓடியது. ஆயிரத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் எண்ணில் ஓடியது, அதற்கு அடுத்த எண்ணில் விழுந்தது. அவர் அதை வட்டம் போட்டுக் குறித்துக்கொண்டார். ஓனர் கை கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "இது எந்தக் கம்பெனி இன்டர்வியூல கேக்கறாங்க?" என்றார்.

அவருக்குக் காலை ஷிஃப்ட் நிரந்தரமாகிவிட்டது. மிச்சப் பாடங்களைச் சனிக்கிழமைகளில் வந்து முடித்தார். இப்போதும் அதே மருத்துவமனையில்தான் இருக்கிறார். பில்லிங்கில் இல்லை, அதன் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற குழுவில். போன வாரம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

என் வகுப்பில் ரிகர்ஷன் இப்போது மூன்று நாள். ஓனருக்கு அதில் மனத்தாங்கல் உண்டு. எனக்கு மன நிம்மதி வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். அதற்கு முன்னால் பயம் ஒரே இடத்தில் இருந்தது, அந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டினால் போதும். இப்போது எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும், இது எனக்கு உண்மையாகவே தெரியுமா, மனப்பாடமா என்று ஒரு நமைச்சல். சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் போனில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பஸ்ஸில், பால் வாங்குகிற வரிசையில், கிளினிக் வாசலில் மனைவிக்காகக் காத்திருக்கும்போது. "எதாச்சும் ஒண்ணு சரியா இருக்குதா, இல்ல எல்லாமே தப்பா?" என்று அவள் கேட்கிறாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலை பஸ்ஸில் சோதிக்க லிஸ்ட்டை எடுத்தேன், பைத்தானில் எண்களை வரிசையாக வைத்துக்கொள்கிற பட்டியல் அது. ஒரு லிஸ்ட்டுக்கு இன்னொரு பெயர் கொடுத்தால் அது நகல் என்றுதான் இதுவரை எல்லா வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். இரண்டாவதில் ஓர் எண்ணை மாற்றினேன். முதலாவதை அச்சிட்டுப் பார்த்தேன். அதிலும் மாறியிருந்தது. நம்பாமல் இன்னும் இரண்டு தடவை ஓட்டினேன். நகலே இல்லை, ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர். இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி ஓடினேன். அன்றைய பாடமே லிஸ்ட்தான். பேக்கரி வாசலில் ஓனர் டீ குடித்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் கொஞ்சம் நேரம் ஆகும் சார் என்று அவரிடம் சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.